இரண்டு லட்சமும் ஒரு மொட்டை மாடியும்: வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

கையில் ஒன்றரை, இரண்டு லட்சம் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நம் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும், கரண்ட் பில்லும் குறைய வேண்டும். சோலார் போடலாமா, பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா, கேஸை விட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா, இல்லை மாடிக்கு வெள்ளை அடித்தாலே போதுமா? சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

இந்த அக்கறை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் பக்கத்தில் வெயிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த வெயிலைத் தாங்க நாம் ஏசி போடுகிறோம். அந்த ஏசிக்கான மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்த நிலக்கரியின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர் மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்த கதை நமக்குத் தெரியும். நாட்டின் மின் நிறுவுதிறனில், அதாவது நிறுவியுள்ள மின்நிலையங்களின் மொத்தத் திறனில், புதைபடிவம் அல்லாத வகை (சூரியன், காற்று, நீர், அணு போன்றவை) 2025-இல் பாதியைத் தொட்டுவிட்டது, உண்மைதான். ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரிதான். ஒரு யூனிட் செலவழித்தால் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் உங்கள் பில்லை எடுங்கள்

கணக்குப் போட ஒரு வீடு வேண்டும் என்பதால் காட்பாடியில் இருக்கும் என் அக்கா வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். மேல்தளத்து வீடு. ஒரு ஏசி, நாலு ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார். கோடையில் இரண்டு மாதத்துக்கு 800 யூனிட், மற்ற மாதங்களில் 550 யூனிட் அளவில் ஓடுகிறது. மூன்று பில் அப்படி, மூன்று பில் இப்படி என்று வைத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணம் மாடிப்படி மாதிரி ஏறும். 2024 ஜூலைக் கட்டணப்படி, முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.70. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101-இலிருந்தே 4.80. பிறகு 6.45, 8.55, 9.65 என்று ஏறி, ஆயிரத்துக்கு மேல் 11.80. அதாவது 500 யூனிட்டில் நின்ற வீடும் 510-ஐத் தொட்ட வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், அந்தப் பத்து யூனிட்டுக்காக இரண்டாமவர் முந்நூறு ரூபாய்க்கு மேல் அதிகம் கட்டுகிறார்.

அக்கா வீட்டுக்குக் கோடை பில் 4,870 ரூபாய். மற்ற மாதங்களில் 2,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆண்டுக்குச் சுமார் 22,000.

இதே கணக்கை 300 யூனிட் வீட்டுக்குப் போட்டால் இரண்டு மாதத்துக்கு 705 ரூபாய்தான் வரும். ஆண்டுக்கு 4,200 சொச்சம். இந்த வீட்டில் மூன்று கிலோவாட் சோலார் போட்டால் போட்ட பணம் திரும்பவே இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். விளம்பரத்தில் வரும் ‘நாலு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும்’ என்பது அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. அதனால்தான் பில்லைப் பார்க்காமல் யாருக்கும் சோலார் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

நாலு ஃபேனும் ஒரு பக்கெட் சுண்ணாம்பும்

யாரும் பேசாத வழி இதுதான், ஆனால் என் வரிசையில் முதலிடம் இதற்குத்தான். பழைய ஃபேன் ஒன்று முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன், அதாவது மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் வைத்த ஃபேன், அதே காற்றுக்கு 30 வாட் அளவில் முடித்துவிடும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். நாலு ஃபேனில் 130 யூனிட்.

இந்த 130 யூனிட் பில்லின் உச்சியிலிருந்து கழிகிறது என்பதுதான் விஷயம். அக்காவுக்குக் கோடையில் 9.65 ரூபாய் யூனிட்டுகள் குறையும். மற்ற மாதங்களில் 550 என்பது 420 ஆகி, 500 என்ற கோட்டுக்குக் கீழே இறங்கும். இரண்டு வகையிலும் பில்லுக்கு 1,200 ரூபாய் அளவில் மிச்சம், ஆண்டுக்கு 7,000-க்கு மேல். நாலு ஃபேனுக்கு ஆகும் செலவு சுமார் 12,000. இரண்டு ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். சோலார் உட்பட வேறு எதுவும் இந்த வேகத்துக்கு வராது. வருடத்துக்கு அரை டன் கரியமில வாயுவும் குறைகிறது. பழைய ரெகுலேட்டர் பெரும்பாலும் இதற்கு ஒத்துவராது, ரிமோட்டில்தான் வேகம் மாற்ற வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதை மட்டும் முன்கூட்டியே பழக்கிவிடுங்கள்.

அடுத்தது மாடி. வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் நாற்பது டிகிரி சாதாரணம். மேல்தளத்து வீட்டில் பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் இரவு பதினொரு மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நம் தாத்தாக்கள் காலத்து மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். இப்போது கட்டும் பல வீடுகளில் அது இல்லை, வெறும் தளம்தான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் உள்ளே இரண்டு மூன்று டிகிரியாவது குறையும். தெலங்கானா 2023-இலேயே இதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டது.

சுண்ணாம்பு அடித்தால் சில ஆயிரத்தில் முடியும், ஆனால் ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும். ஒவ்வொரு மார்ச்சிலும் அடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கூல் ரூஃப் பெயிண்ட் விலை கூட, சில ஆண்டு நிற்கும். எதுவானாலும் தூசியும் பாசியும் படிந்தால் பலன் போய்விடும், கூட்டிக் கழுவ வேண்டும். ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் மின்சாரம் சுமார் 6 விழுக்காடு குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. அறையே இரண்டு டிகிரி குளிர்ந்திருந்தால் 22-இல் வைத்த ஏசியை 26-க்கு ஏற்ற யாரும் அடம்பிடிக்க மாட்டார்கள். பணக் கணக்கை விடுங்கள், மேல்தளத்தில் ஏசி இல்லாமல் குழந்தையைத் தூங்க வைக்கும் வீட்டுக்கு இந்த இரண்டு டிகிரி பெரிய விஷயம்.

சோலார்: எத்தனை கிலோவாட்?

சரி, இப்போது பெரிய செலவுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதுக்கு 18,000. ஆக மூன்று கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அவ்வளவுதான். முழுத் தொகையையும் நீங்கள் முதலில் கட்ட வேண்டும், வேலை முடிந்து மீட்டர் மாற்றிய பிறகு மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். உள்நாட்டு சோலார் செல்லில் செய்த பேனலுக்கு மட்டும்தான் இது கிடைக்கும். விலை குறைவு என்று வேறு பேனலைக் காட்டினால் கவனம்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்கு நாலு யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். மானியம் போக இரண்டு கிலோவாட்டுக்கு 70,000 அளவிலும், மூன்றுக்கு 1,20,000 அளவிலும் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

ஃபேன் எதுவும் மாற்றாத அக்கா வீட்டில் இரண்டு கிலோவாட் போட்டால் கோடை பில் 4,870-இலிருந்து 800-க்கு வந்துவிடும். மற்ற மாதங்களில் நிகர யூனிட் (செலவழித்ததில் சோலார் தந்ததைக் கழித்த மீதி) 100-க்குக் கீழே போவதால் பில்லே இல்லை. ஆண்டு மிச்சம் 19,700. மூன்றரை ஆண்டில் போட்ட பணம் வந்துவிடும். அருமையான முதலீடு.

அப்படியானால் மூன்றாகப் போட்டால்? கோடை பில்லும் பூஜ்யம். ஆனால் கூடுதல் மிச்சம் ஆண்டுக்கு 2,400 ரூபாய் மட்டுமே. இதற்காகக் கூடுதலாகப் போடுவது ஐம்பதாயிரம். திரும்பி வர இருபது ஆண்டு. முதல் இரண்டு கிலோவாட்டும் 9.65-இல் தொடங்கி விலை கூடிய யூனிட்டுகளை வெட்டுகின்றன. மூன்றாவது கிலோவாட் வெட்டுவது 4.70, 2.35 ரூபாய் யூனிட்டுகளையும், அரசு ஏற்கெனவே இலவசமாகத் தரும் யூனிட்டையும். ஃபேனையும் மாற்றிவிட்டால் இரண்டு கிலோவாட்டே தாராளம். கோடை பில் இருநூறு சொச்சத்தில் நிற்கும். விற்பவர்கள் மூன்றைத்தான் சொல்வார்கள், மானியம் அதிகம் என்பார்கள். மானியம் அதிகம்தான், ஆனால் அதை வாங்க நீங்கள் போடும் பணமும் அதிகம்.

ஆனாலும் மூன்றாவது கிலோவாட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலையும் கேஸையும் அதன்மேல் ஏற்றினால் அதற்கு வேலை கிடைக்கும். அதை அடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். மானியத்தில் பெரும்பாலும் போடும் ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாமல், தெரு மின் இணைப்போடு சேர்ந்து ஓடுவது), கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் வீட்டில் ஃபேன் ஓடாது. இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஃபியூஸை எடுத்துவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போகும். வர்தா, மிக்ஜாம் மாதிரி புயலுக்குப் பிறகு இருட்டில் நாள் கணக்கில் உட்கார்ந்த சென்னைக்காரர்கள் ‘சோலார் இருந்தால் கவலையில்லை’ என்று நினைத்துப் போடுகிறார்கள், பிறகு ஏமாந்துபோகிறார்கள். கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது, விலை சட்டென்று ஏறிவிடும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தால் அதை அப்படியே தனியாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆன்-கிரிட் போடுவதுதான் என் பரிந்துரை. மருத்துவக் கருவி ஓட வேண்டிய வீடு, அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊர் என்றால் மட்டும் ஹைபிரிட்.

ஸ்கூட்டர்

நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவர் ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் போவார். பெட்ரோல் ஸ்கூட்டரில் இருநூறு லிட்டர், இருபதாயிரம் ரூபாய், சுமார் 450 கிலோ கரியமில வாயு. எலெக்ட்ரிக்கில் இதற்கு முந்நூறு யூனிட் சொச்சம் போதும். 9.65 ரூபாய்ப் படியில் கட்டணம் கட்டினாலும் மூவாயிரம் ரூபாய்தான். நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் போட்டாலும் புகை பாதியாகிறது. உங்கள் மாடி வெயிலில் ஓடினால் கிட்டத்தட்ட இல்லை. அந்தப் புகை தெருவில், பள்ளிக்கூட வாசலில், குழந்தையின் மூக்குக்கு நேராகப் போகாது என்பதற்கே நான் தனி மதிப்பெண் போடுவேன்.

நாட்டில் ஓடும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகிறவை. விற்பனை அங்கங்கே இருக்கிறது. பழுதுபார்ப்பு அப்படி இல்லை. உங்கள் ஊருக்கு அருகில் சர்வீஸ் சென்டர் எங்கே, பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டு என்று முதலில் பாருங்கள்; ஓட்ட வேகம், திரையின் அளவெல்லாம் அப்புறம்.

இருக்கும் பெட்ரோல் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்து, நாளுக்கு ஐந்து கிலோமீட்டர்தான் போகிறீர்கள் என்றால் அவசரப்பட வேண்டாம். அந்த வண்டி அடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம். நாளுக்கு முப்பதுக்கு மேல் ஓட்டுபவருக்கு இது சோலாரையே முந்தும். பெட்ரோல் வண்டியைவிட முப்பது நாற்பதாயிரம் கூடக் கொடுத்தாலும் இரண்டரை ஆண்டுக்குள் சரியாகிவிடும்.

அடுப்பு: இங்கே கணக்கு மாறுகிறது

இண்டக்‌ஷன் அடுப்பு சுத்தமானது என்று எல்லோரும் நம்புகிறோம். சமையலறைக்குள் சுத்தம்தான், சந்தேகமே இல்லை, அனலும் குறைவு. ஆனால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய 130 யூனிட் அளவில் ஆகும். சிலிண்டரை எரித்தால் வெளியாவது 42 கிலோ கரியமில வாயு. 130 யூனிட்டை, முதலில் சொன்ன 0.7-ஆல் பெருக்கினால் 91 கிலோ. அதாவது இன்றைய மின்சாரத்தில் சமைத்தால் புகை இரட்டிப்பு. நம் வீட்டிலிருந்து எண்ணூருக்கோ நெய்வேலிக்கோ இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பணத்திலும் அப்படியே. சிலிண்டர் 870 ரூபாய் என்றால், 9.65 ரூபாய்ப் படியில் இருக்கும் வீட்டுக்கு அந்த 130 யூனிட் 1,250 ரூபாய். சமையலையும் சேர்த்து 200 யூனிட்டுக்குள் நிற்கும் சிறிய வீட்டுக்கோ யூனிட் 2.35 ரூபாய் என்பதால் 300 ரூபாயில் முடிகிறது. தனியாக இருப்பவர், இருவர் மட்டும் உள்ள வீடு, வாடகை வீட்டில் இரண்டு நேரம் சமைப்பவர்: இவர்களுக்கு இண்டக்‌ஷன் இன்றே லாபம். பெரிய குடும்பத்துக்கு, சோலார் போடும்வரை கேஸ் இருக்கட்டும்.

இப்போது அந்த மூன்றாவது கிலோவாட்டுக்குத் திரும்புவோம். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஸ்கூட்டருக்கு 55, ஒரு சிலிண்டருக்குச் சற்று அதிகமான சமையலுக்கு 150. கிட்டத்தட்ட முழுதும் செலவாகிவிடுகிறது. அப்போது அந்த ஐம்பதாயிரம் பெட்ரோல் பங்குக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் போகும் பணத்தை மிச்சம் பிடிக்கிறது. இருபது ஆண்டு என்ற கணக்கு சில ஆண்டுகளுக்குச் சுருங்கிவிடும். ஆகவே ஸ்கூட்டரும் அடுப்பும் மாறப்போகும் வீடு மூன்று போடட்டும். மாறாத வீடு இரண்டோடு நிற்கட்டும்.

சோலார் வாட்டர் ஹீட்டர் பற்றியும் கேட்பார்கள். ஊட்டி, கொடைக்கானல், கோவை என்றால் நல்ல பொருள். சென்னையில் வருடத்துக்கு இரண்டு மூன்று மாதம் வெந்நீர் போடும் வீட்டுக்குத் தேவையில்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாய்க்குள் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும்.

அப்பார்ட்மெண்டும் வாடகை வீடும்

மொட்டை மாடி நம் பேரில் இல்லாதவர்கள்தான் நகரத்தில் அதிகம். அப்பார்ட்மெண்டில் லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் பொது மீட்டருக்குச் சங்கமே சோலார் போடலாம். அதற்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. சங்கக் கூட்டத்தில் இதைப் பேச ஒருவராவது எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. வாடகைக்கு இருப்பவர்கள் ஃபேனை மாற்றலாம், காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். பழைய ஃபேனைப் பத்திரமாக எடுத்துவைத்து, போகும்போது மாட்டிவிட்டால் வீட்டுக்காரருக்கும் குறையில்லை.

அக்காவுக்கு நான் சொன்னது இந்த வரிசைதான்: இந்தக் கோடைக்குள் ஃபேனும் வெள்ளைப் பூச்சும், இரண்டு பில் பார்த்துவிட்டு இரண்டு கிலோவாட் சோலார், மாமாவின் வண்டி எப்போது செலவு வைக்கத் தொடங்குகிறதோ அப்போது ஸ்கூட்டர். பிறகு ஒரு கிலோவாட் கூட்ட இடம் விட்டு, சோலார் இன்வெர்ட்டரை (பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) மட்டும் முதலிலேயே மூன்றுக்குத் தகுந்ததாகப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஆள் கூப்பிடும் முன் மாடிக்குப் போய் நிழலைப் பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேண்டும். வத்தல் காயவைக்கவும் துணி உலர்த்தவும் இடம் வேண்டுமென்று ஆளுயரத்துக்கு மேல் கம்பி கட்டித் தூக்கிப் போட்டால் செலவு கூடும், பலமாகக் கட்டாவிட்டால் புயல் காற்றில் ஆபத்து. தென்னை மட்டையோ தண்ணீர்த் தொட்டியோ ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுத்தினாலும், அதோடு சேர்த்துக் கட்டிய மற்ற பேனல்களின் உற்பத்தியும் சேர்ந்து குறையும். ஜூன் மாதம் பார்த்துவிட்டு நிழலே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பியிருந்தால் அதன் நிழல் அப்போதுதான் உங்கள் தளத்துக்கு வரும். காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் எங்கே நிழல் விழுகிறது என்று சாக்பீஸில் கோடு போட்டு வையுங்கள். அளவெடுக்க வருபவரிடம் அந்தக் கோட்டைக் காட்டி, அதைத் தாண்டிப் பேனல் வைக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.